நல்லாசிரியர் விருதுக்கு நானே விண்ணப்பிப்பதா?

கேள்வி: வணக்கம் அம்மா. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகம் சிறந்த கற்பித்தலுக்கான விருதுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்காக மூன்று வருடமாக ஒரு முறையைச் செய்துவருகிறேன். பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் "நான் நல்ல ஆசிரியை" என்று நானே எழுதிக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் பிரின்சிபால், "பேப்பர் எத்தனை, செமினார் எத்தனை, அதை முன்னால் போடுங்கள்" என்கிறார். எதை ஆதாரமாக வைப்பது என்று தெரியவில்லை. கூடவே உழைத்த மலையாளத் துறை ஆசிரியரின் பெயரைச் சேர்த்தால் என் பங்கு குறைந்துவிடுமோ என்றும் பயம். என் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.
— ஓர் ஆசிரியை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்:

உங்கள் ஊரில் எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். டீச்சர், உங்கள் வரைவைவிட நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் பல மடங்கு நன்றாக இருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தக் கூச்சத்தைப் பார்த்துவிடலாம்.

தன்னைத் தானே புகழக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்த்தார்கள். நன்னூலில் பவணந்தி முனிவரும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களுக்கு விலக்குக் கொடுக்கிறார். அரசன் சபைக்கு ஓலை அனுப்பும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கு இடங்களில் "தன்னைப் புகழ்தலும் தகும் புலவோர்க்கே" என்கிறார். விருது விண்ணப்பம் முதல் இரண்டு இடங்களிலும் அப்படியே பொருந்துகிறது. நீங்கள் அனுப்புவது ஓலை. படிக்கப்போகிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. மூடிய வகுப்பறைக்குள் மூன்று வருடமாக நீங்கள் செய்துவருவதை வெளியே சொல்ல உங்களைத் தவிர வேறு ஆளும் இல்லை.

அரசாங்கமே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் தேசிய நல்லாசிரியர் விருதுக்குப் பள்ளி ஆசிரியர்கள் தாங்களே விண்ணப்பிக்கும் முறை 2018-இல் வந்தது. 2023-இல் அந்த விருது முதல்முறையாகக் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் திறந்தது. இப்போது பல்கலைக்கழகத்துக்கு எழுதுவதை ஒழுங்காக எழுதிவைத்தால் நாளைக்கு அதற்கும் உதவும். அதனால் கூச்சத்தை விட்டுவிடுங்கள். புகழ்ச்சி வார்த்தை எதுவும் எழுதவேண்டிய அவசியமே உங்களுக்கு வராது என்பதையும் காட்டுகிறேன்.

உங்கள் வரைவின் முதல் பத்தி இப்படிப் போகிறது: "மாணவர் மையக் கற்பித்தலில் ஆர்வம் கொண்டு, புதுமையான உத்திகளைக் கையாண்டு, பின்தங்கிய மாணவர்களின் முன்னேற்றத்துக்கு அர்ப்பணிப்புடன் உழைத்துவருகிறேன்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதே வாக்கியத்தை வேதியியல் ஆசிரியரும் எழுதலாம், வரலாற்று ஆசிரியரும் எழுதலாம், வகுப்புக்கே போகாதவரும் எழுதலாம். நான் உட்கார்ந்த தேர்வுக் குழுக்களில் இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இரண்டாவது கோப்பில் இது வரும்போதே கண் தானாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

இப்போது உங்கள் கடிதத்தில், இங்கே அச்சிடாத மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். முதல் செமஸ்டரில் நீங்கள் வைத்த ஒரு சின்னப் பரீட்சையைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உந்தம் (மொமென்டம், அதாவது ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது) என்றால் என்ன என்ற கேள்விக்கு, தமிழக எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்திலிருந்து வரும் ஒரு பெண் "ஒரு பொருள் உருவாக்கப்படுவதே அதன் ஆக்கம்" என்று எழுதினாள். நீங்கள் சுழித்துப் பூஜ்யம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போன பிறகு யோசித்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு வரை அவள் உந்தம் என்று படித்தவள். கல்லூரியில் புத்தகம் ஆங்கிலம். விளக்கம் மலையாளத்தில் வரும்போது அதற்குப் பெயர் ஆக்கம். தமிழ்க் காதுக்கு ஆக்கம் என்றால் உண்டாக்குவது. அந்தப் பெண் மக்கு இல்லை. தன் காதில் விழுந்த சொல்லுக்குத் தன் மொழியில் சரியாகவே பொருள் எழுதியிருக்கிறாள்!

டீச்சர், உங்கள் விண்ணப்பத்தின் முதல் பத்தி இதுதான். இதை எழுத எந்தப் புகழ்ச்சியும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி ஆறேழு வரியில் எழுதுங்கள். அதன்பின் நீங்கள் செய்த மூன்று நெடுவரிசை நோட்டைச் சொல்லுங்கள். இடது பக்கம் தமிழ், நடுவில் மலையாளம், வலது பக்கம் ஆங்கிலம். விசை, பலம், ஃபோர்ஸ். முடுக்கம், த்வரணம், ஆக்ஸலரேஷன். உந்தம், ஆக்கம், மொமென்டம். அழுத்தம், மர்த்தம், பிரஷர். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பிள்ளைகளே தங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் எழுதவேண்டும் என்று வைத்தீர்களே, அதை நான் மிகவும் ரசித்தேன். முதலமடையிலிருந்து மாங்காய் ஏற்றிவரும் லாரியும் காலி லாரியும் ஒரே வேகத்தில் வந்து செக்போஸ்டில் பிரேக் போட்டால் எது சீக்கிரம் நிற்கும் என்று ஒரு பையன் உந்தத்துக்கு எழுதியதைக் குழுவில் யார் படித்தாலும் உங்கள் வகுப்பு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கற்பித்தல் விருதுக்கு எழுதுகிற பெரும்பாலோர் தவறுகிற இடத்தைச் சொல்கிறேன். ஆசிரியர் என்ன செய்தார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பது கடைசியில் ஒரு வரியில் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. நீங்கள் அந்த அளவைத் திருப்பிப் போடுங்கள். வகுப்பில் என்ன சிக்கலைக் கண்டீர்கள், அதற்கு என்ன செய்தீர்கள், அதனால் பிள்ளைகளால் முன்பு முடியாதது எது முடிந்தது, அது உங்களுக்கு எப்படித் தெரியும். கடைசிக் கேள்விதான் கோப்பைத் தூக்கி நிறுத்தும், அதில் கொஞ்சம் நிற்போம்.

நீங்கள் கொடுத்த கணக்கு என்னிடம் இருக்கிறது. போன வருட வகுப்பில் 38 பேர். தமிழ் மீடியத்திலிருந்து 23, மற்றவர்கள் 15. ஒரே 20 மதிப்பெண் தாளை முதல் வாரமும் கடைசி வாரமும் வைத்திருக்கிறீர்கள். தமிழ் மீடியப் பிள்ளைகளின் சராசரி 5-இலிருந்து 13-க்கு வந்தது. மற்றவர்களுக்கு 8-இலிருந்து 14. வரைவில் நீங்கள் இதை "160 சதவீத வளர்ச்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். தொடக்கம் சிறிதாக இருந்தால் சதவீதம் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும், குழுவில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

இயற்பியல் கற்பித்தலில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. 1998-இல் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளில் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து எழுதிய கட்டுரையில் பயன்படுத்தியது. கூடிய மதிப்பெண்ணை, கூடுவதற்கு எவ்வளவு இடம் இருந்ததோ அதால் வகுக்கவேண்டும். உங்கள் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்குக் கூடியது 8, இடம் இருந்தது 15, ஆக 0.53. மற்றவர்களுக்கு 12-இல் 6, ஆக 0.5. ஹேக்கின் கணக்கில் வெறும் விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்கள் பேசிச் செய்து படித்த வகுப்புகளின் சராசரி 0.48. ஆனால் உங்கள் எண்ணை அவருடைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் விசை பற்றிய பொதுவான ஒரு கேள்வித்தாள், உங்களுடையது நீங்களே தயாரித்தது. கணக்கிடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இதைவிட நல்ல எண் ஒன்று உங்கள் தாளிலேயே கிடக்கிறது. முதல் வாரத்தில் இரண்டு கூட்டத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் 3 மதிப்பெண். கடைசி வாரத்தில் 1. அதே நேரம் மற்றப் பிள்ளைகளும் இறங்கவில்லை, ஏறினார்கள். எல்லையோரக் கல்லூரி வகுப்பில் இது எத்தனை பெரிய விஷயம் என்று படிக்கிறவர்களுக்குப் புரியும். இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். 38 பேர் கொண்ட ஒரே வகுப்பு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு வகுப்பு இல்லை என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அது நேர்மை. குழு கண்டுபிடித்தால் அது குறை.

மாணவர் கருத்துப் படிவத்தில் 5-க்கு 4.6 வந்திருப்பதைப் போடலாம், ஆனால் அதையே தூணாக நிறுத்தவேண்டாம். ஆசிரியருக்கு மாணவர் போடும் மதிப்பெண்ணுக்கும் அந்த மாணவர் உண்மையில் கற்றுக்கொண்டதற்கும் உறவு மிகக் குறைவு என்று 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. குழுவில் இருப்பவர்களுக்கும் இது அனுபவத்தில் தெரியும். படிவம் கொடுத்தது 38 பேருக்கு, திரும்பி வந்தது 29 என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகள் கைப்பட எழுதிய கருத்துகளில் உங்களைப் பாராட்டுகிற வரிகளை விட்டுவிட்டு, தாங்கள் எதைச் செய்தோம் என்று சொல்கிற வரிகளாகப் பாருங்கள். "மிஸ் ரொம்ப நல்லவங்க" என்பது உங்கள் மனசுக்கு. "இப்போ கேள்வியை முதலில் தமிழில் மாற்றி எழுதிக்கொண்டுதான் விடை போடுகிறேன்" என்பது கோப்புக்கு.

அப்புறம் மொழி. உங்கள் ஆதாரங்களில் பாதி தமிழ்க் கையெழுத்தில் இருக்கிறது. குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று நம்பி இருக்கவேண்டாம். அதற்காகப் பிள்ளைகள் எழுதியதை ஆங்கிலத்தில் திருப்பி டைப் செய்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மூலப் பக்கத்தை ஸ்கேன் செய்து வையுங்கள், அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கீழே இரண்டு வரி மொழிபெயர்ப்பு. செப்டம்பரில் ஒரு பக்கம், பிப்ரவரியில் அதே பிள்ளையின் ஒரு பக்கம், எதிரெதிரே. மூன்று பிள்ளைகள் போதும். அதில் ஒருவர் சுமாராகத் தேறியவராக இருக்கட்டும்.

தோற்றுப்போனதையும் எழுதுங்கள் என்று சொன்னால் பலர் மிரளுவார்கள். நீங்கள் முதல் வருடம் பாடங்களைத் தமிழில் பேசிப் பதிவு செய்து வாட்ஸப் குரூப்பில் அனுப்பினீர்கள், கேட்டவர்கள் நாலைந்து பேர்தான். விசாரித்தபோது, பல பெண்பிள்ளைகளுக்குச் சொந்தமாக போன் இல்லை, அப்பா வேலை முடிந்து வந்தபிறகுதான் கைக்கு வரும் என்று தெரிந்தது. அதனால்தான் நோட்டுக்கு மாறினீர்கள். இதை வரைவில் ஏன் மறைத்தீர்கள்? உங்கள் முறை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. ஒன்று பலிக்கவில்லை என்று பார்த்து, காரணம் கேட்டு, மாற்றிக்கொண்ட ஆசிரியரைத்தான் குழு தேடுகிறது.

பிரின்சிபால் சொன்னதைத் தட்டவேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒரு பக்கச் சுயவிவரத்தில் இருக்கட்டும். உங்கள் ஐந்து கட்டுரைகளும் மெல்லிய படலங்கள் பற்றியவை. வகுப்போடு அவற்றுக்குத் தொடர்பு இல்லை. பிரின்சிபாலிடம் அறிவிப்பைக் காட்டி, மதிப்பெண் எதற்கெல்லாம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கூடவே உட்கார்ந்து படியுங்கள். கையெழுத்துப் போடவேண்டியவர் அவர், ஆரம்பத்திலேயே அவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இதில் எனக்கு அடிபட்ட அனுபவம் உண்டு. முதல்முறை நான் விண்ணப்பித்தபோது சான்றிதழ்களாகவே 60 பக்கம் அடுக்கினேன். செமினாரில் கலந்துகொண்டது, என்எஸ்எஸ் முகாம், தேர்வுப் பணி எல்லாம். கிடைக்கவில்லை. ஏன் என்று ஒரு வரி பதிலும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தக் குழுவில் இருந்த ஒருவரைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். "அம்மா, உங்கள் கோப்பில் நீங்கள் இருந்தீர்கள், ஒரு மாணவர்கூட இல்லையே" என்றார். அன்றைக்கு வலித்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதிலும் பிறருக்குத் திருத்திக் கொடுத்ததிலும் முதலில் தேடுவது மாணவரைத்தான்.

மலையாளத் துறை ஆசிரியரின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். "என் சக ஆசிரியர் உதவினார்" என்று மொட்டையாக வேண்டாம். நோட்டின் நடு வரிசையில் உள்ள மலையாளச் சொற்களைச் சரிபார்த்தது அவர், எந்தச் சொல் தமிழ்க் காதுக்குத் தடுமாற்றம் தரும் என்று வாரம் ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து பட்டியல் போட்டது இருவரும், வகுப்பில் நடத்தியதும் சோதித்ததும் நீங்கள். இப்படிப் பிரித்து எழுதினால் உங்கள் பங்கு குறையாது, தெளிவாகும். "நான்" வரவேண்டிய இடத்தில் நான், "நாங்கள்" வரவேண்டிய இடத்தில் நாங்கள். பிரிட்டனில் 2000 முதல் நடக்கும் தேசியக் கற்பித்தல் விருதில் மூன்று விஷயம் பார்க்கிறார்கள். தன் மாணவர்களிடம் கொண்டுவந்த மாற்றம், மற்ற ஆசிரியர்களுக்கும் கொண்டுசேர்த்தது, தன்னைத் தான் வளர்த்துக்கொண்டது. இரண்டாவதற்கு உங்களிடம் அழகான சாட்சி இருக்கிறது. அதே நோட்டு முறையை இந்த வருடம் வேதியியல் துறையிலும் எடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. அந்த ஆசிரியரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது "நல்லபடியா எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொன்னால் "கடின உழைப்பாளி, பண்பாளர்" என்றுதான் வரும், அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களே கண்ணால் பார்த்த ஒன்றைக் கேளுங்கள். வேதியியல் ஆசிரியர் தன் வகுப்பில் எதை மாற்றினார் என்று எழுதட்டும். மூன்று வருடத்துக்கு முன் படித்த மாணவர் ஒருவர் இப்போது பிஎட் படிக்கிறார் என்றீர்கள், அந்த நோட்டு இன்னும் அவர் கையில் இருக்கிறதா, எதற்குப் பயன்படுகிறது என்று எழுதட்டும். வேறு துறை ஆசிரியர் ஒருவரை ஒரு மணி நேரம் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லி, பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். உங்களைப் பற்றிய அபிப்பிராயம் வேண்டாம். அந்தக் குறிப்பு ஒரு பக்கம் இருந்தாலே போதும்.

மற்றதெல்லாம் சாதாரண விஷயங்கள். வார்த்தை வரம்பைத் தாண்டாதீர்கள். இணைப்புகளுக்கு எண் கொடுத்து, எழுத்தில் எங்கே பேசுகிறீர்களோ அங்கேயே அந்த எண்ணைக் குறியுங்கள், பேசாத இணைப்பு ஒன்றுகூட வேண்டாம். எழுத்தை மூன்றாவது வாரத்துக்குள் முடித்து, இயற்பியல் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நான்காவது வாரம் பிரின்சிபால் மேசைக்குப் போய்விடவேண்டும். பரீட்சைக் காலத்தில் கையெழுத்துக்கு அலைவது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

கிடைக்கவில்லை என்றால்? அடுத்த வருடம் மறுபடி போடலாம், அப்போது இன்னொரு வகுப்பின் தாள்களும் கையில் இருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு கற்பித்தலையும் கற்றலையும் பார்ப்பதால், இந்தக் கோப்பை உங்கள் கல்லூரியின் தரக் குழுவான ஐக்யூஏசி சும்மா விடாது. இந்த ஜூனில் வரும் புது வகுப்பின் முதல் வாரத் தாள்களையும் கட்டி, தேதி போட்டு, பீரோவில் வைத்துவிடுங்கள்.

ஆனால் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வேலந்தாவளத்துப் பெண்ணைக் கூப்பிடுங்கள். அவள் அன்றைக்கு எழுதிய பக்கத்தையும், பிப்ரவரியில் அதே கேள்விக்கு எழுதிய பக்கத்தையும் காட்டி, பெயரை மறைத்து இதைப் பயன்படுத்திக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். என்ன காரணத்துக்கு என்றும் சொல்லுங்கள். யோசிக்க இரண்டு நாள் கொடுங்கள், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், வேறு பிள்ளையின் பக்கம் கிடைக்கும். சரி என்றாள் என்றால் அந்த இரண்டு பக்கங்களையும் முதல் இணைப்பாக வையுங்கள். வரைவைத் திருத்தியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.